பிஞ்சைக் காட்டிய விரல்

என் மகள் கீரை தின்ன ஆரம்பித்த நாளில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. பெற்றவள் இதற்கெல்லாம் எரிவாளா என்று கேட்காதீர்கள், எரிந்தேன். ஆறு வருஷம் நான் கெஞ்சியும் மிரட்டியும் ஊட்டிய கீரையைத் தூவென்று துப்பியவள், கொல்லையில் தான் விதைத்த தண்டுக்கீரை என்றதும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஊட்டி ஊட்டிக் கை ஓய்ந்தவள் நான். நல்ல பெயர் என் கொழுந்தனார் மனைவிக்கு.

எழுபதுகளின் கடைசி அது. கோட்டுச்சேரியில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலை பஸ்ஸில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு. கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு நெடுங்காட்டிலிருந்து வந்தவள் என்னைவிட எட்டு வயது சின்னவள், வயல்வேலை தெரிந்த குடும்பம். வந்த முதல் ஆடியிலேயே புல் மண்டிக் கிடந்த கொல்லையைக் கொத்திப் பாத்தி கட்டிவிட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகளையும் மண்ணில் இறக்கிவிட்டாள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதனால் தெருக்குழாயிலிருந்து அவள் குடத்திலும் என் மகள் செம்பிலுமாகச் சுமந்து ஊற்றினார்கள். மண்புழுவைக் கண்டால் ஊரைக் கூட்டியவள் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். வரிசைக்கு ஐந்து விதை என்று போட்டுப் போட்டே ஐந்தாம் வாய்ப்பாடு அவளுக்கு வந்துவிட்டது. "கணக்குல நல்லா வந்துட்டாளே, வீட்டுல யாரு சொல்லிக் குடுக்குறீங்க?" என்று டீச்சர் கேட்டார். "நான்தான்" என்றேன். கொஞ்சம்கூடக் கூசவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. டவுனிலிருந்து ஒரு ரோஜாக் கன்று வாங்கி வந்து, பழைய டின்னில் வைத்து, மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கிணற்றுத் தண்ணீர்தான். அவள் செம்பைப் பிடித்தபடி தயங்கினாள். "சித்தி இந்தத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கம்மா."

"ஆமா, உங்க சித்திக்குத்தான் ஒலகமே தெரியும்! ஊத்துடி!"

ஊற்றினாள். ஒரே வாரத்தில் கன்று கருகிப்போனது. பிள்ளை அந்த டின்னைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். குற்றம் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

புரட்டாசியில் புடலைப் பந்தல் காய்க்கத் தொடங்கியது. நீண்டு வந்த பிஞ்சுகளின் நுனியில், கோணாமல் வளர, இரண்டு பேரும் சின்னச் சின்னக் கல் கட்டித் தொங்கவிட்டார்கள். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் வெம்பி விழுந்துவிடும், காட்டியே ஆகவேண்டுமென்றால் விரலை மடக்கிக் காட்டவேண்டும் என்பது சித்தியின் சட்டம். "படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் ஏன் சொல்லித் தர்றே?" என்று நான் சிரித்திருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள். போகிறபோது எதற்கோ அப்படி ஒரு சிரிப்பு. என்னிடம் அந்தச் சிரிப்பு வந்ததே இல்லை. நான் கொல்லைக்குப் போய், பந்தலுக்கு அடியில் நின்று, ஆள்காட்டி விரலை நீட்டி ஒவ்வொரு பிஞ்சாகக் காட்டினேன். ஒன்றைக்கூட விடவில்லை. அதையெல்லாம் நம்பாதவள்தான் நான். ஆனாலும் காட்டினேன்.

அந்த வாரமே பிஞ்சுகள் மஞ்சளித்து, கட்டிய கல்லோடு உதிர்ந்தன. சித்தி ஒன்றைப் பிளந்து பார்த்து, "ஈ குத்திருக்கு, புழு வச்சிருச்சு. அடுத்த காய்ப்பு வரும், விடு கண்ணு" என்றாள். பிள்ளை கேட்கவில்லை. கொல்லைப் பக்கமே போகாமல், நான் ஆபீஸ் விட்டு வந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. இரண்டாம் நாளும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"என்னடி ஆச்சு ஒனக்கு?"

"நான்தாம்மா எல்லாத்தையும் கொன்னுட்டேன்." தேம்பித் தேம்பி அழுதாள். "வெரல நீட்டி எண்ணிட்டேன். மடக்கி எண்ணுனா தப்பு தப்பா வருது. நீ வந்ததும் எத்தனைன்னு ஒனக்குச் சொல்லணும்ல? தெனமும் எண்ணுனேன். நீ 'கையக் கழுவு, அப்புறம் பேசலாம்'னுட்டுப் போயிருவே. சித்திகிட்ட சொல்லிராதம்மா."

எனக்குச் சொல்வதற்காகவா! அடி பாவி மகளே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். சொல்லாமல் விட்டால் பிள்ளை அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டே திரிவாள். சொன்னால், என்மேல் இருக்கிற கொஞ்சப் பாசமும் போய்விடும்.

"நீ இல்லடி. நான்தான். ஞாயித்துக்கெழம நான் போய் ஒண்ணு விடாம வெரல நீட்டுனேன்."

அழுகையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"நீயும் எண்ணுனியாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆமா" என்றுதான் வந்தது.

"எனக்குப் பதினாலு வந்துச்சு. ஒனக்கு எத்தனை?"

எல்லாப் பிஞ்சையும் காட்டியவளுக்கு எத்தனை என்று தெரியவில்லை. "எனக்கும் பதினாலுதான்" என்றேன். அவள் தாவி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்படி அவள் என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவள் கட்டிக்கொண்டது, தன்னைப் போலவே பந்தலடியில் நின்று பதினாலையும் ஆசையாக எண்ணிய ஓர் அம்மாவை. அந்த அம்மாவின் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை.