அத்தானின் எடை

அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது ஒரு தராசு. அவர்கள் வீட்டுக் கருப்பட்டி மண்டியில் மூட்டை நிறுக்கிற பலகைத் தராசு. அதன்மேல் அரைக்கால் சட்டையோடு ஏறி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார். மூச்சை இழுத்தால் எடை குறையுமா அத்தான் என்று கேட்டால் முறைப்பார். துறைமுகத்தில் பெரிய பெரிய கிரேன்களின் மின்சாரத்தையெல்லாம் கட்டி மேய்த்த இன்ஜினியர், தன் உடம்போடு மட்டும் மல்லுக்கட்டிய காலம் அது.

எல்லாம் ஒரு கிளைடரால் வந்த வினை. கல்லூரி நாளில் தேசிய மாணவர் படையில் அவரும் என் அக்காவும் கிளைடர் ஓட்டிப் பழகியவர்கள். அவர்கள் காதலும் அங்கே தொடங்கியதுதான். வடக்கே ஏதோ ஒரு கிளைடர் கிளப்பை மூடியபோது, ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பழைய கிளைடர் ஒன்றை அத்தான் வாங்கி வந்துவிட்டார். இன்ஜின் இல்லாத விமானம் அது. யாராவது இழுத்து மேலே விட்டால்தான் பறக்கும். எங்கள் பக்கத்தில் அப்படி இழுத்துவிட யார் இருக்கிறார்கள்? அதனால் பேட்டரியும் மோட்டாரும் வைத்து, அதுவே தானாக எழும்பும்படி செய்துவிடலாம் என்று இறங்கினார்.

மோட்டாரை மூக்கில் பொருத்தினார். மேலே போனதும் புரொப்பெல்லர் மடங்கி மூக்கோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அது சரியாக மடங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உப்புக்காற்றில் மின் இணைப்புகள் களிம்பு பிடித்தன. ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார். அனுமதிக்கு அலைந்தது தனிக் கதை. இத்தனையையும் சமாளித்தவரை மடக்கியது எடைதான். இறக்கைகள் இவ்வளவுதான் தாங்கும் என்று ஒரு வரம்பு உண்டு. பேட்டரி ஒரு கிலோ கூடினால் ஓட்டுகிறவர் ஒரு கிலோ குறைய வேண்டும். அத்தான் பரோட்டாவை விட்டார், முந்திரி போட்டுச் சுடுகிற மக்ரூனை விட்டார். எங்கள் ஊர்க்காரர் மக்ரூனை விடுவதென்றால் சாமியாராகப் போவதற்குச் சமம். எப்படியோ வரம்புக்குள் வந்துவிட்டார். அன்றைக்கு மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பேட்டரிக்கு மெல்லிய அலுமினியப் பெட்டி செய்திருந்தார். உள்ளே தீப்பிடித்தால் அது தாங்குமா என்று பார்க்காமல் ஏறக்கூடாது என்பது அவர் எண்ணம். மண்டிக்குப் பின்னால் வெட்டவெளியில், பெட்டிக்குள் ஒரு பேட்டரியை வேண்டுமென்றே சூடேற்றிப் பற்றவிட்டார். மூடியின் ஓரம் உருகிப்போனது. இனி தடித்த இரும்புத் தகட்டில்தான் பெட்டி செய்ய வேண்டும். அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் குறைத்ததையெல்லாம் அந்தப் பெட்டி தின்றுவிடும். தினமுமா தீப்பிடிக்கப் போகிறது, இதையே வைத்துப் பறந்துவிடுங்கள் என்றார் கூட இருந்த நண்பர். அதை மறுத்தவள் பக்கத்தில் நின்ற அக்காதான்.

"கெட்டிப் பெட்டியே வைங்க."

"அத வச்சா நான் ஏற முடியாதே, ஏளா."

"அப்பம் நான் ஏறுதேன்."

அக்கா ஒல்லி. அத்தான் உருகிய மூடியைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எத்தனை வருஷத்து ஆசை. பிறகு எழுந்து டேப்பை எடுத்தார். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவர் எடை குறைந்தால் வால் பக்கம் கனத்துவிடும்; இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியை எவ்வளவு முன்னால் நகர்த்த வேண்டும் என்று அளக்கத் தொடங்கினார். அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

அக்கா வெளியூர்க் கிளப்புக்குப் போய் மறுபடியும் பழகி வந்தாள். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று அடங்கிய ஒரு காலையில், தருவைகுளத்துக்கு மேற்கே ஒரு பொட்டல் தரையில் அவளை உட்காரவைத்தோம். மிக்ஸி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். கிளைடர் தரையை விட்டு எழும்பியது. உப்பளங்களுக்கு மேலே நல்ல உயரம் போனதும் சத்தம் நின்றது. மோட்டாரை அவளேதான் நிறுத்துவாள் என்று தெரிந்திருந்தும், விழுந்தால் பிடித்துவிடலாம் என்பதுபோல் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டேன். அவள் சுற்றிச் சுற்றி வந்து பொட்டலில் இறங்கினாள்.

இறங்கியதும் அத்தான் ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. நேரே பெட்டியிடம் போய்ப் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சூடில்ல" என்றார். திரும்பவும் வைத்துப் பார்த்துவிட்டு, "சூடே இல்ல" என்றார்.

"பெட்டி எங்கயும் போவாது. மொதல்ல என் கையப் பிடிங்க, காலு நடுங்குது" என்றாள் அக்கா.

அத்தான் இதுவரை அதில் ஏறவில்லை. அக்காதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கிறாள். இப்போதெல்லாம் அவளைக் கைப்பிடித்து இறக்கிவிட்ட பிறகுதான் அவர் பெட்டிப் பக்கம் போகிறார்.