முதலில் பச்சை, பிறகு பொடிசு

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க கிரீஸ் கையோடு திரிகிற மனுஷர், வீட்டுக்கு வந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் அந்தச் சின்ன அறைக்குள் நுழைவார். துணி மடித்து வைக்க நான் கேட்ட அறை அது. எனக்கா கிடைத்தது? பத்து பாட்டில் பாசித் தண்ணீருக்குக் கிடைத்தது.

கூடத்தில் பவளமும் கடல் மீனும் வளர்க்கிற அவருடைய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதற்குக் கடைத் தீனி ஆகாதாம், உயிருள்ளதுதான் வேண்டுமாம். அதனால் உப்புத் தண்ணீரில் பாசி வளர்ப்பார், அது பச்சை. பச்சையைத் தின்கிற, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்களை ஒரு வாளியில் வளர்ப்பார். அது எங்கள் வீட்டில் பொடிசு. பச்சைக்குக் காற்று போகும் குழாய்களில் நீல டேப், பொடிசுக் குழாயில் சிவப்பு டேப். கதவில் ஒரு சீட்டு: ‘முதலில் பச்சை, பிறகு பொடிசு. திரும்பிப் போகாதே.’ பொடிசைத் தொட்ட கை பச்சையைத் தொட்டால் போச்சு. ஒரு சொட்டு போதும், உள்ளே பெருகி மொத்தப் பச்சையையும் தின்று தீர்த்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்ததை, யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிடுவார். தெருமுனை சலூன்காரத் தம்பியும் கடையில் ஒரு தொட்டி வைத்திருக்கிறார். அவர் பச்சை கேட்டு மூன்றாவது தடவை வந்து நின்றபோது எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“அடுத்த தடவையாவது பாட்டிலோட வாங்க தம்பி. நாங்க என்ன பாட்டில் ஃபேக்டரியா வெச்சிருக்கோம்?”

அந்தத் தம்பி அப்புறம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

நாலு வருஷமாக எங்கள் கோமாளி மீன் ஜோடி முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், மூன்றாம் நாள் தண்ணீரில் ஒன்றும் இருக்காது. இவர் அன்றைக்கெல்லாம் யாரோடும் பேசமாட்டார். முதல் பத்து நாள் பொடிசுதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. இந்த முறை வாளி நிறையத் தயார் செய்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வருவதாக இருந்தது. அறையில் கடல் வாடை. அன்று காலை இவர் வெளியே போயிருந்த நேரத்தில் நான் உள்ளே போய், குழாய்களையெல்லாம் உருவி, ஒரே வாளித் தண்ணீரில் அலசி, துடைத்துத் திரும்பச் சொருகிவிட்டேன். அறை பளிச்சென்று ஆனது. சீட்டு கதவிலேயே இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

வியாழக்கிழமை குஞ்சு பொரித்தது. சனிக்கிழமை காலை பார்த்தால், பத்து பாட்டிலும் வெளிறிப்போய் நின்றன. இவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“பொடிசு ஏறிடுச்சு. ஒரு பாட்டில் மிச்சமில்ல. பச்சை இல்லேன்னா பொடிசு பட்டினி. அது போச்சுன்னா குஞ்சும் போச்சு.”

ஞாயிற்றுக்கிழமை நான் அலசிய வாளித் தண்ணீர் ஞாபகத்துக்கு வந்தது.

“நான்தான் கையைச் சரியா கழுவாம தொட்டிருப்பேன்” என்றார். டீயைக்கூடக் குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம். காலி பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டு சலூனுக்கு நடந்தேன். ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த கடைவாசலில் போய் நின்றேன். தம்பி பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பாட்டிலோடவே வந்துட்டீங்களே அண்ணி!”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். முகத்தில் பாதி நுரையோடு ஒருவரை அப்படியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். கரும்பச்சையாக இரண்டு பாட்டில் கொண்டுவந்தார்.

“எனக்கு ரெண்டு விரல் அளவு இருந்தா போதும், பெருகிடும். எல்லாம் உங்க வீட்டுதுதான் அண்ணி. அண்ணன் குடுக்கும்போதே சொன்னாரு, ‘எங்க வீட்டுல ஒருநாள் கெட்டுப்போகும், அன்னைக்கு உன்கிட்டதான் வந்து நிப்போம்’னு.”

நான் ஊதாரித்தனம் என்று நினைத்ததெல்லாம் இதுதானா! இரண்டு பாட்டிலையும் மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவினேன். சீட்டைப் படித்தேன். இரண்டு பாட்டிலையும் தனியே மூடி வைத்தேன். ஒரு டம்ளர் பச்சையை மட்டும் எடுத்துக்கொண்டுபோய்ப் பொடிசு வாளியில் ஊற்றினேன். திரும்பிப் போகவில்லை.

சாயங்காலம் வந்தவர் பாட்டில்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

“நான்தாங்க குழாயையெல்லாம் ஒண்ணாப் போட்டு அலசிட்டேன்.”

“தெரியும். சிவப்பு டேப் பச்சை பாட்டில்ல இருந்துச்சே.”

“அப்புறம் ஏன் பழியை உங்க மேல போட்டுக்கிட்டீங்க?”

“நாலு வருஷமா இந்த ரூம் பக்கமே எட்டிப் பாக்காதவ, வந்து தொடச்சு வெச்சிருக்க. அதுக்குப்போய் குத்தம் சொன்னா மறுபடி வருவியா?”

அன்றிலிருந்து காலைத் தீனி என் பொறுப்பு. பதினோராம் நாள் குஞ்சுகளின் உடம்பில், பெரிய மீன்களுக்கு இருப்பதுபோல, வெள்ளைக் கோடு விழுந்தது. நாற்பத்தொன்று பிழைத்தன. எண்ணியது நான்தான்.

மூன்று மாதம் கழித்து, நன்றாக வளர்ந்த ஒரு ஜோடியை வாயகன்ற பாட்டிலில் விட்டு நானே சலூனுக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாட்டிலைத் திருப்பித் தருகிறேன் என்றார் தம்பி. வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும் என்றேன்.