அப்பாவின் கல்லும் அம்மாவின் ஆசிட்டும்

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அப்பா இறந்தபோது, கல்லறைக்குக் கல் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வீட்டில் ஜியாலஜி படித்தவள் நான் ஒருத்திதான். அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவர். கூட வேலை பார்த்தவர்கள் வந்து, "அண்ணன் பேர டைல்ஸ்ல எழுதி நாங்களே சுட்டுத் தரோம் பாப்பா" என்றார்கள். பாத்ரூம் சரக்கையா அப்பாவின் தலைமாட்டில் வைப்பது? எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"கல்லறைன்னா கல்லுதாங்க சித்தப்பா" என்று அனுப்பிவிட்டேன்.

அரியலூர் பக்கமிருந்து வந்த மணற்கல் பலகை ஒன்று பிடித்துப்போனது. மணற்கல்லின் பலம் மணலில் இல்லை. மணலுக்கு நடுவே புகுந்து ஒட்டவைக்கும் கனிமத்தில் இருக்கிறது. அது சிலிக்கா என்றால் கல் அசையாது. சுண்ணாம்பு என்றால் ஆசிட் பட்டதும் கரைந்து, கல் மறுபடி மணலாகிவிடும். பரீட்சையில் இதை மூன்று பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவள் நான். கடையில் சுத்தியலால் தட்டினேன், ணங்கென்றது.

"சிலிக்காதாம்மா. நூறு வருஷம் நிக்கும்" என்று அடித்துச் சொன்னேன்.

ஒரு சொட்டு ஆசிட் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். சோதனை பாட்டில் பையிலேயே இருந்தது. அப்பாவுக்கான கல்லில் ஆசிட் விட மனசு வரவில்லை.

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. பெயரைச் செதுக்கி நிறுத்தினோம்.

அடுத்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள், எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைகளைக் கழுவி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கல்லில் மழைக்குப் பாசி பிடித்திருந்தது. நான் பூ வாங்கிக்கொண்டு போவதற்குள் அம்மா பாத்ரூம் ஆசிட்டைத் தாராளமாக ஊற்றியிருந்தாள். பீங்கான் ஊரில் எந்தக் கறைக்கும் அதுதான் மருந்து. கல் சோடா மாதிரி பொங்கியது.

"பாத்தியா, அழுக்கு எப்புடி நுரைச்சிகிட்டு வருது!" என்று பெருமையாகத் தேங்காய் நாரால் தேய்த்தாள்.

நான் ஓடிப்போய்த் தண்ணீரை ஊற்றினேன். நுரை அடங்கியபோது எழுத்துகளின் ஓரமெல்லாம் மணலாக உதிர்ந்து, பெயரின் பாதியைப் படிக்க முடியவில்லை. அம்மா தன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள்.

"உங்கப்பா பேர நானே அழிச்சிட்டனா?"

"நீ இல்லம்மா. நான்தான் பாக்காம வாங்கிட்டேன்." அதைச் சொல்லும்போது வெட்கத்தில் கூனிக்குறுகிப்போனேன். அவள் நம்பவில்லை. திருநாளன்று மெழுகுவத்தி ஏற்றும்போதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டே நின்றாள்.

மறுவாரம் சித்தப்பாக்களைத் தேடிப் போனேன். யாரும் குத்திக் காட்டவில்லை. அப்பா பெயரை டைல்ஸில் நீல எழுத்தில் அழகாகச் சுட்டுக் கொடுத்தார்கள். சூட்டில் களிமண்ணின் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி, மீதித் துகள்களைப் பிடித்துக்கொள்கிறது. நான் மூன்று பக்கம் எழுதியதை அப்பா ஆயுள் முழுக்கச் செய்திருக்கிறார்.

இப்போதும் ஒவ்வொரு நவம்பரிலும் அம்மா ஆசிட் பாட்டிலைத் திறந்ததும் என்னைப் பார்த்து, "ஊத்தலாமா?" என்று கேட்கிறாள். அந்த டைல்ஸை ஆசிட் ஒன்றும் செய்யாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் குனிந்து, மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுகிறேன்.