ஊசி ஏறியது, ரேடியேற்றர் சுடவில்லை

1. காலை பத்தரைக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து புறப்பட்டோம். காரில் பிரசவ நோவோடு ஒரு பெண், அவளின் தாய், நான். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடந்தது. வவுனியா ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்தால்தான் இரண்டு உயிரும் தப்பும்.
2. ஒட்டுசுட்டான் தாண்டியதும் காரின் வெப்பமானி ஊசி நடுவை விட்டு ஏறியது.
3. மாங்குளத்துக்கு முன், காட்டுக்குள், ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. காரை நிறுத்தினார்.

நிறுத்தியவர் முல்லைத்தீவுக்காரர், வாடகைக் கார் வைத்திருந்தவர்; எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன். நான் மருத்துவிச்சிப் பயிற்சி முடித்து ஒரு வருடம். பின் ஆசனத்தில் அந்தப் பெண்ணின் நோவுகளை மணிக்கூடு பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தேன்: ஐந்து நிமிடத்துக்கொன்று. ஊசி ஏறினால் தண்ணீர் குறைவு என்பதே நான் அறிந்தது. "தண்ணியை ஊத்திப்போட்டு ஓடுங்கோ நானா" என்றேன்.

அவர் ஊற்றவில்லை. முன்மூடியைத் திறந்து ரேடியேற்றரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அதன் மேல்குழாயைப் பிடித்துப் பார்த்தார்.

"மிஸி, இஞ்ச ஒருக்காக் கை வையுங்கோ."

பயந்து பயந்து வைத்தேன். பக்கத்தில் எஞ்சின் அனல் கக்கியது. ரேடியேற்றரில் வெறும் வெயில் சூடுதான்.

"எஞ்சினுக்குள்ள கொதிக்கிற தண்ணி ஆற இஞ்சால வரோணும். வரேல்ல. இடையில கதவு மாதிரி இருக்கிற தேர்மோஸ்டாற் திறக்காமல் இறுகிப்போச்சு."

ஊசி சூடு என்று மட்டும் சொன்னது. அந்தச் சூடு எந்த இடத்தில் அடைபட்டுக் கிடக்கிறது என்பதை ஒரு நோவு வந்து அடங்குமுன் அவர் கை கண்டுபிடித்துவிட்டது.

எஞ்சின் ஆறும்வரை பொறுக்கச் சொன்னார். பெண்ணின் தாய் பொறுக்கவில்லை.

"உம்மட கார் என்ர பிள்ளைக்கு முந்திப் பெத்துப்போடும் போல!"

"பெத்தால் நீங்கதான் பத்தியம் காய்ச்சோணும், அக்கா."

நோவுக்குள்ளும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அடுத்த நோவு மூன்று நிமிடத்தில் வந்தது. நான் உரத்துச் சொன்னேன். நானா அதற்குமேல் காத்திருக்கவில்லை. இரண்டு ஆணிகளைக் கழற்றி, மூடிக்கிடந்த அந்தச் சிறு பித்தளைச் சாமானை வெளியே எடுத்தார். கழற்றும்போது கிழிந்த வாஷருக்குப் பதிலாக என் பிரசவப் பதிவுக் கொப்பியின் மட்டையை வெட்டி, கிறீஸ் பூசி வைத்து முறுக்கினார். தண்ணீர் நிரப்பினார்.

"அது இல்லாமல் ஓடலாமோ?" என்று கேட்டேன்.

"ஓடும். எஞ்சின் சூடேறச் சுணங்கும், பெற்றோல் கூடக் குடிக்கும். அவ்வளவுதான்."

ஊசி இறங்கியது. வவுனியா வரை ஏறவேயில்லை.

பெண்ணைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன பிறகுதான் நானாவின் கையைப் பார்த்தேன். விரல்களெல்லாம் கொப்புளம். அந்தக் கையோடுதான் வவுனியா வரை கார் ஓட்டியிருக்கிறார். மருந்து போட்டுக் கட்டிவிட்டேன்.

அந்தப் பெண்ணும் பிறந்த மகளும் சுகமாக இருக்கிறார்கள். அந்தப் பழைய காருக்குப் புதுத் தேர்மோஸ்டாற் கொழும்பிலும் கிடைக்கவில்லை. நானா அது இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறார்.