செத்தவர் வீட்டு முன்னால் திணறிய கார்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் மாதத்தில் இது நடந்தது. அருமனைக்குப் பக்கத்திலிருக்கும் என் வீட்டிலிருந்து மார்த்தாண்டம் போகிற வழியில், தோட்டங்களுக்கு நடுவே ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. ஏற்றம் முடியுமிடத்தில் ஓர் ஓட்டு வீடு. அந்த வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்தில் பதினெட்டு வருடம் ரப்பர் பால் வெட்டியவர்.

ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் ரப்பர் ஷீட் காணாமல் போனபோது, நான் அவரை நாலு பேர் கேட்கத் திருடன் என்று சொல்லி வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். எடுத்தது என் சொந்தக்காரன் என்று பிறகு தெரிந்தது. தெரிந்தும் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

அவருடைய நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்த வாரம், அந்த ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். கார் முன்னேறவில்லை. இன்ஜின் சத்தம் உள்வாங்கியது. யாரோ பின்னாலிருந்து பிடித்திழுப்பது போலிருந்தது. சரியாக அந்த வீட்டு முன்னால். பிறகு பிடியை விட்டதுபோல ஒரு குலுக்கலோடு ஓடியது. மறுமுறை போனபோதும் அதே இடம். அதற்கடுத்த முறையும் அதே இடம். நட்டநடுப் பகல், மொட்டையாகிக்கொண்டிருந்த மரங்களிலிருந்து சருகு விழும் சத்தம் மட்டும்தான்.

செத்தவர் வீட்டு முன்னால்தான் இழுக்கிறது என்று நான் சொல்லியும், மார்த்தாண்டத்து மெக்கானிக் டவுனுக்குள்தான் ஓட்டிப் பார்த்தார். பிளக், ஃபில்டர் எல்லாம் மாற்றினார். "வண்டிக்கு ஒரு கேடும் இல்ல சாரே. உங்களுக்குத்தான் வயசாவுது" என்றார். வீட்டிலோ, "காலேஜில கெமிஸ்ட்ரி படிப்பிச்ச ஆளுதானா நீங்க? எதுக்கு இப்பிடி வேர்க்குது?" என்று மனைவி கேட்டாள். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கார் அங்கேயே முழுதாக நின்றுபோனது. இறந்தவருடைய மனைவி செம்பில் தண்ணீரோடு வந்தார். "வெயிலத்து நிக்காதீங்க சாரே, இஞ்ச வந்து இரிங்க." மெக்கானிக்குக்கு ஃபோன் செய்துவிட்டு அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். ஆனால் தண்ணீரை மட்டும் குடித்து முடித்தேன்.

மெக்கானிக் வந்து பின்சீட்டைத் தூக்கி, டாங்கிலிருந்து பம்பை வெளியே எடுத்தார். அதன் வடிகட்டி வலையில் வெளுத்த பசை போல ஏதோ அப்பியிருந்தது.

"இது ரப்பர் பாலாக்கும் சாரே. பாலு சுமந்த கன்னாசுல பெட்ரோல் வாங்குனீங்களா?"

வாங்கியிருந்தேன். புல் வெட்டும் இயந்திரத்துக்காக, தோட்டத்தில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கேனில் வாங்கி, மிச்சத்தைக் காரில் ஊற்றியிருந்தேன். கன்னாஸின் உள்ளே காய்ந்திருந்த பால், பெட்ரோலில் ஊறிக் கூழாகியிருக்கிறது. ஏற்றத்தில் இன்ஜினுக்கு அதிக பெட்ரோல் வேண்டும். பம்ப் வேகமாக உறிஞ்சும்போது கூழ் வலையில் ஒட்டி அடைக்கும். ஓட்டம் தணிந்தால் விலகிவிடும். டவுனின் சமதளத்தில் அது தெரியவே தெரியாது.

"பேயொண்ணும் இல்ல சாரே, உங்க கெமிஸ்ட்ரிதான்!" என்றார். நானும் சிரித்தேன், அந்த முற்றத்தில், வாய்விட்டு. செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

டாங்கைக் கழுவிய பிறகு கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: அந்தக் கன்னாஸ் செத்தவர் சுமந்தது, வலையை அடைத்த பால் அவர் வெட்டியது. அடுத்த முறை அந்த வீட்டு முன்னால் நானே பிரேக் போட்டு இறங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா சருகு கூட்டுவதை நிறுத்தவில்லை.

"அவரு எடுக்கல்லன்னு எனக்குத் தெரியாதா சாரே? சாவுறதுக்கு முன்ன அவருட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதுமே."

அன்று அந்த முற்றத்தில், உண்மையைச் சொல்லும் இடம்வரை என்னைக் கொண்டுபோனது பயம் மட்டும்தான். அது நீங்கிய கணத்தில் எவ்வளவு லேசாகச் சிரித்தேன் என்பதுதான் இந்த எழுபத்தாறு வயதிலும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.