வெறுஞ்சட்டி திரும்பாது

எங்கள் சனம் புலம்பெயர்ந்து குடியேறிய மோர்னிங்சைட்டில் அன்ரனெற் சமைத்துக் கொடுக்காத பிறந்தநாள் விழா குறைவு. ஆனால் விருந்து முடிந்ததும் குப்பைப் பைக்குள் போகும் அலுமினியத் தட்டுகளைக் கண்டால் அவளுக்கு வயிறு எரியும். அதனால்தான் எவர்சில்வர் சட்டிகளில் சாப்பாடு கொடுத்து, சட்டியைத் திரும்ப வாங்கத் தொடங்கினாள்.

முதல் வருடம் பாதிச் சட்டிகள் வரவில்லை. சனம் அமுக்கிவிட்டது என்றே நினைத்து, பொரிந்து தள்ள, சட்டி திருப்பித் தராத குணவதிக்குப் போன் எடுத்தாள்.

“ஐயோ அன்ரனெற், வெறுஞ்சட்டியை எப்பிடித் தாறது? ஏதும் பலகாரம் சுட்டுப் போட்டுத் தருவம் எண்டுதான் வைச்சிருக்கிறன்.”

அட கடவுளே! எங்கள் சனத்தின் மரியாதையே சட்டிகளை மறித்து வைத்திருந்தது. அன்றிலிருந்து, திருப்பித் தரும்போது ஒரு வெங்காயம் போட்டால் போதும் என்று அன்ரனெற் வாய்விட்டுச் சொல்லியே கொடுத்தாள். சட்டிகள் வரத் தொடங்கின; கடையில் வெங்காயம் வாங்கும் தேவையும் குறைந்தது. வீட்டு அலுமாரிக்குள் அடங்காத பெரிய சட்டிதான் சுறுக்காகத் திரும்பும் என்பதையும் பட்டுத்தான் அறிந்தாள்.

இதையெல்லாம் அன்ரனெற் சமைக்கும் குசினிக்குள் இருந்து கேட்டுக் கேட்டு எழுதியவள் ஷாமிலா. ஞானஸ்நானத்தில் அன்ரனெற் ஞானத்தாயாக நின்று கையில் ஏந்திய பிள்ளை. கல்லூரியில் டிசைன் படித்தவள்.

“அன்ரி, இதுக்குப் பேர் ஹியூரிஸ்டிக்ஸ். புதுசா ஒண்டை டிசைன் பண்ணேக்கை வழிகாட்டுற அனுபவ விதியள். நீங்கள் ஒரு ஜீனியஸ்!” என்று கட்டிப்பிடித்தாள். அன்ரனெற்றுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

தேவாலய மண்டபத்தில் பாவித்து எறியும் தட்டுகளைத் தடைசெய்து, பாத்திரங்களைக் கொடுத்துத் திரும்ப வாங்கும் சேவை நடத்த ஆள் தேடினார்கள். தான் பார்த்துவந்த முதியோர் இல்லத்து வேலையை விட்டுவிட்டு இதையே தன் தொழிலாக்க அன்ரனெற் ஆசைப்பட்டாள். அதற்கான ஆங்கில விண்ணப்பத்தை ஷாமிலாவிடம் நம்பி ஒப்படைத்தாள்.

விண்ணப்பத்தை விளக்கும் கூட்டத்தன்று புதுச் சேலை உடுத்து முன்வரிசையில் இருந்தாள். திரையில் முதலில் வந்தது ஷாமிலாவின் புதுக் கம்பனியின் பெயர். பிறகு வெங்காயம், சட்டியின் அளவு, எல்லாம் ‘எங்கள் ஆய்வில் கண்டவை’ என்று வந்தன. இப்போது வரும், இப்போது வரும் என்று கடைசிப் படம்வரை தன் பெயரைத் தேடினாள் அன்ரனெற். வரவேயில்லை.

மண்டபப் பொறுப்பாளர் ஜூலியஸ் கைதட்டினார். “அன்ரனெற் அக்காவும் உங்களோடையோ பிள்ளை?”

“ஓம் அங்கிள். சட்டி கழுவுற பகுதிக்கு அன்ரிதான் பொறுப்பு” என்றாள் ஷாமிலா, வாய் கூசாமல்.

பிறத்தியார் செய்திருந்தால் அன்ரனெற் வாயாலேயே கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். சொந்தப் பிள்ளையாக நினைத்தவள் அல்லவா செய்துவிட்டாள். மெல்ல எழுந்து நின்றாள்.

“தம்பி ஜூலியஸ், இவளின்ர ஞானஸ்நானத்திலை நான்தான் ஏந்தி நிண்டனான். பிசாசையும் அதின்ர பொய்யையும் விட்டுவிடுறம் எண்டு இவளுக்காக வாக்குக் குடுத்ததும் நான்தான்.”

ஷாமிலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இனி அந்த வாக்கை நீயே குடு பிள்ளை. உனக்காகச் சொல்ல என்னாலை ஏலாது.”