அக்கா குடித்த தைலம்

என் அக்காவின் கணவருக்கு இங்கிலீஷ் தெரியும் என்று குருவிநத்தமே நம்பியது. கடலூரில் ஒரு வக்கீலுக்கு இரண்டு வருஷம் கேஸ் கட்டு சுமந்தவர். அந்தச் சுமையில் கொஞ்சம் இங்கிலீஷும் ஒட்டிக்கொண்டு வந்ததாக அவரே சொல்லிக்கொள்வார். பிரெஞ்சுக்காரன் ஆளுகிற ஊரில் அதற்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் சீமை. உத்தியோகமெல்லாம் அங்கேதான் கொட்டிக் கிடப்பதாக எல்லோருக்கும் நினைப்பு. பாகூர் மேரியில், அதாவது கொம்யூன் ஆபீசில், பிறப்பு இறப்பு எழுதிக்கொண்டிருந்த எனக்குப் பிரெஞ்சு தெரியும். அவர் அதைச் சாராயக்கடை பாஷை என்பார்.

சாயந்திரமானால் தன் வீட்டுக் களத்தில் பத்துப் பேரை உட்காரவைத்து இங்கிலீஷ் நடத்துவார். ஒரு மாதம் முழுக்க ஒரே வார்த்தைதான். டேக்.

"டேக்னா எடு. டேக் எ சீட்னா உக்காரு. டேக் லீவ்னா உத்தரவு வாங்கிக்கோ. டேக் ஆஃப்னா சட்டையக் கழட்டு. டேக் ஆஃப்டர்னா அப்பன உரிச்சி வெச்சிருக்கறது. ஒரு வார்த்த, நூறு வேல. இன்னா மச்சான், உன் பிரெஞ்சுல இப்பிடி இருக்குதா?"

இருக்கிறது. நான் சொல்லவில்லை. இவரிடம் போய் வாயைக் கொடுப்பதா என்று நினைத்தேன்.

அந்த வருஷம் நடவு முடிந்ததும் அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடலூர் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, மருந்து கலக்கிவைக்கிறேன், இரண்டு நாள் கழித்து யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மாமாதான் போனார். கம்பவுண்டரிடம் இங்கிலீஷிலேயே பேசியிருக்கிறார். இவ்வளவு பேசுகிறவருக்கு வாசிக்கவா தெரியாது என்று அந்த ஆள் சீசாவை எடுத்துக் கொடுத்ததோடு சரி. இவர் தமிழில் கேட்டிருந்தால் ஒரே வரியில் சொல்லி அனுப்பியிருப்பான்.

அன்று நானும் களத்தில் இருந்தேன். உடம்பெல்லாம் வரிவரியாக ஒரு பச்சைச் சீசா. மேலே சிவப்புக் காகிதம், அதில் நான்கே வார்த்தைகள். மாமா பாடம் கேட்கிறவர்களைப் பார்த்து உரக்க வாசித்தார்.

"நாட் டு பி டேக்கன்."

"அப்பிடின்னா?" என்றாள் அக்கா.

"வெளியில எடுத்துக்கினு போவக் கூடாது. வூட்டுலயே வெச்சிக்கினு சாப்புடணும். காலையில ஒரு கரண்டி, பொழுதுசாய ஒரு கரண்டி."

கரண்டிக் கணக்கு சீசாவில் எங்குமே இல்லை. மூடியைத் திறந்ததும் கற்பூர நெடி மூக்கில் ஏறியது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சிவப்புக் காகிதம் ஒட்டிய சீசாக்களை நான் பார்த்திருக்கிறேன். மேலுக்குத் தடவுகிற மருந்துகள் அவை.

"மாமா, இது தேய்க்கற தைலமா இருக்கப் போவுது. செவப்புக் காயிதம் ஒட்டியிருக்குது பாருங்க."

"பிரெஞ்சுக்காரன் செவப்பு வேற, இங்கிலீஷ்காரன் செவப்பு வேற. நீ சும்மா இரு மச்சான்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாயில் வெல்லத்தை அடக்கிக்கொண்டு ஒரு கரண்டி குடித்தாள்.

அடுத்த நிமிஷம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. உதடும் நாக்கும் வெந்து போயின. வண்டி கட்டிக் கடலூருக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவள் தலை என் மடியில் இருந்தது. மாமா வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, மாட்டை ஓட்டத் தெரியவில்லை என்று அவனைத் திட்டிக்கொண்டே வந்தார்.

டாக்டர் அவளை உள்ளே கொண்டுபோன பிறகு கம்பவுண்டர் சீசாவைத் தூக்கிக் காட்டினான்.

"உள்ளுக்குக் குடிக்கக் கூடாதுன்னுதானய்யா எழுதியிருக்கு? மருந்துல டேக்னா குடிக்கறது."

"டேக்னா எடுன்னும் அர்த்தம் உண்டா, இல்லையா? அதச் சொல்லு மொதல்ல," என்றார் மாமா.

பெண்டாட்டி உள்ளே கிடக்கிறாள்; இவருக்கு அர்த்தத்தில் ஜெயிக்க வேண்டும். கம்பவுண்டர் சீசாவைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பி, "நீங்க தமிழ் படிப்பீங்களா?" என்று கேட்டான். படிப்பேன் என்றேன். அதற்குப் பிறகு எல்லா மருந்துக்கும் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி என் கையில்தான் கொடுத்தான்.

அக்கா பிழைத்தாள். பல மாதம் கஞ்சிதான். குரல் கரகரத்தது கரகரத்தபடியே நின்றுவிட்டது. கம்பவுண்டர் காகிதத்தை மாற்றி ஒட்டிவிட்டான் என்று மாமா ஊரில் சொன்னார். ஊரும் தலையாட்டியது. களத்தில் பாடம் தொடர்ந்தது; புதிதாக இரண்டு பேர் வேறு சேர்ந்தார்கள். அவரை மட்டுமல்ல, அந்தப் பன்னிரண்டு பேரையும் நான் மனிதர்களாக மதித்ததில்லை. ஒரு சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்ட என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா அவரிடம் சண்டை போடவில்லை. அறுவடை சமயத்தில் அவருடைய அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, தமிழில். அவர் பிரித்து வாசிக்கத் தொடங்கினார்.

"நீங்க படிக்க வாணாம். தம்பி வரட்டும்," என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் கடிதத்தை மடித்தார். பிறகு கொடுத்துவிட்டார். அதிலிருந்து அந்த வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அரிசிப் பானைமேல் கிடக்கும், நான் போகிற ஞாயிற்றுக்கிழமை வரை. நான் வாசிக்க, அவள் கேட்பாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருப்பார்.